பழனிசாமியின் அரை நொடி

செகந்திராபாத்தின் லோத்குண்டாவில் எங்கள் தெரு தெற்கு வடக்காகப் போகிறது. மேற்குப் பக்கம் நெடுகிலும் ராணுவ நிலத்தின் சுற்றுச்சுவர். கிழக்குப் பக்கம் பதினேழு வீடுகள். ஆறாவது வீடு பழனிசாமியுடையது, எட்டாவது என்னுடையது. 2023 ஜனவரியில் பாபு என்ற பள்ளி வேன் ஓட்டுநருக்கு வேலை போகும் நிலை வந்தது. பழனிசாமி எடுத்த ஒரு படமும், அதை வைத்து நான் எழுதிய ஒரு கடிதமும்தான் காரணம். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அப்போது நான். நடந்தவற்றின் தேதிகள் என்னிடம் இருக்கின்றன.

முதலில் மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். பழனிசாமியின் தகப்பனார் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து 1946இல் செகந்திராபாத்துக்கு ராணுவ கேன்டீன் வேலைக்கு வந்தவர். பழனிசாமி பிறந்தது 1952இல், திருமலகிரியில். தெலுங்கும் இந்தியும் தடையின்றிப் பேசுவார். வீட்டில் கொங்குத் தமிழ், இடையிடையே வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’. 1974இல் மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்றில் இளநிலைப் புகைப்படக்காரராகச் சேர்ந்து, 2012இல் ஓய்வு பெற்றார். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் படம் எடுத்தது கண்ணுக்குச் சிக்காத வேகத்தில் நடப்பவற்றைத்தான். சுழலும் விசிறியின் இலை, குழாய் நுனியில் பீறிடும் நீர், இரும்புக் குண்டு பட்டு விரிசல் விடும் கண்ணாடி. வீட்டில் டம்ளர் எதுவும் கீழே விழுந்து உடைந்தால், திட்டமாட்டார். பார்க்கத் தவறிவிட்டதே என்றுதான் வருத்தப்படுவார்.

அந்த வேலையில் படம் அழகாக இருக்கவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்றுதான் கேட்பார்கள். கேமராவில் ஷட்டர் நேரத்தைத் திருப்பி வைக்கும் வட்டில் 500 என்று போட்டிருந்தால் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. அது உண்மையில் நானூற்றெழுபதில் ஒரு பங்காக இருந்தால் விஞ்ஞானியின் கணக்கு முழுதும் தவறிப்போகும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கேமராவையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். தேதி, கேமரா எண், வட்டில் உள்ள நேரம், அளந்த நேரம், அறை வெப்பநிலை, கையொப்பம் என்று ஆறு கட்டங்கள். சோதனை அறையில் எப்போதும் ஏ.சி. ஓடும். ஆகவே ஐந்தாவது கட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகளும் அவர் 25 என்றே எழுதினார்.

இப்போதுள்ள வீட்டுக்கு அவர் குடிவந்தது 1996 ஜூலையில். ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை, காலை ஆறு இருபதுக்கு மொட்டைமாடியில் ஸ்டாண்டு வைத்துத் தெருவை ஒரு படம் எடுத்தார். செகந்திராபாத்தில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய ஃபிலிம் கேமரா, அதைச் சோதிக்க எடுத்த படம். அடுத்த வெள்ளிக்கிழமையும் எடுத்தார். பிறகு, ஊரில் இல்லாத சில வாரங்கள் தவிர, நிறுத்தவில்லை. அதே இடம், அதே நேரம், அதே கேமரா, லென்ஸின் துளையும் அதே அளவு. மாறுவது ஷட்டர் நேரம் மட்டும். மகன் ராகேஷ் புதிய டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தபோது, கல்யாணங்களுக்கு அதை எடுத்துப்போனார். வெள்ளிக்கிழமைப் படத்துக்குத் தொடவில்லை. ஒரு வரிசையின் நடுவில் கருவியை மாற்றக்கூடாது என்றார். அது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மே மாதத்தில் ஆறு இருபதுக்கு நன்றாக விடிந்திருக்கும். ஷட்டர் ஐந்நூறில் ஒரு பங்கு நேரமே திறக்கும். பால் வாங்கப் போகும் அவர் மனைவி வேதா, ஒரு கால் தரையிலும் மறுகால் அந்தரத்திலுமாக நிற்பார். சைக்கிள் கம்பிகளை எண்ணலாம். ஜனவரியில் அதே நேரம் இருட்டு முழுதாக விலகியிருக்காது. வேண்டிய வெளிச்சம் சேர ஷட்டர் அரை நொடி திறந்திருக்கவேண்டும். சுவரும் மரமும் அப்படியே இருக்கும், நகர்கிறவர்கள் கரைந்துபோவார்கள். வேதா இருக்கமாட்டார், அவர் வயிற்றோடு ஒட்டிப் பிடித்துப் போகும் டார்ச்சின் வெளிச்சம் ஒரு சிறு கோடாக இருக்கும். வண்டிகளின் விளக்குகள் நீளமான கோடுகள். கோட்டின் நீளத்தை ஷட்டர் நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். பழனிசாமி ஒவ்வொரு படத்திலும் உள்ள எல்லாக் கோடுகளையும் அளந்து, பிரதியின் பின்பக்கம் பென்சிலால் வேகத்தை எழுதிவைப்பார். யாரும் கேட்டு அல்ல. ஆபீஸ் பழக்கம்.

2023 ஜனவரி 6, வெள்ளிக்கிழமை. அன்று எடுத்தது 1,339ஆவது படம். எடுத்த சில நொடிகளில் வடக்கு முனையில் ஒரு சத்தம் கேட்டது. பள்ளி வேனின் பக்கக் கண்ணாடி இடித்துப் பத்ரி என்பவர் விழுந்திருந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பத்ரி பதினைந்தாம் வீட்டுக்காரர், எங்கள் சங்கத்தின் பொருளாளர். நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ரோட்டில் இறங்கியபோது வேன் பறந்து வந்து அடித்துவிட்டது என்றார். வேனில் அப்போது பிள்ளைகள் யாரும் ஏறியிருக்கவில்லை. ஓட்டியவர் பாபு. முப்பதுக்கு மேல் போகவில்லை, அவர்தான் பார்க்காமல் இறங்கினார் என்று சொன்னார். எங்கள் தெருவில் வேக வரம்பு முப்பது.

பள்ளி நிர்வாகம் பாபுவை வேனிலிருந்து இறக்கி, விசாரணை வைத்தது. விதியை மீறி ஓட்டியது தெரிந்தால் வேலை கிடையாது என்று முதல்வர் எங்களிடமே சொன்னார். பாபுவுக்கு வயது முப்பத்தாறு. போலாரத்தில் தாயார் தாயம்மாளோடும் மனைவி, மகளோடும் வாடகை வீட்டில் இருப்பவர். விபத்துக்காக ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவரை வேறு பள்ளி எடுக்காது.

பழனிசாமியின் மாடியில் படம் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து அவரிடம் கேட்டவன் நான்தான். அவர் ரோலைப் பாதியில் வெட்டிச் சனிக்கிழமையே கழுவினார். படத்தில் வேனின் பின்விளக்கு நீண்ட கோடாக இருந்தது. சுற்றுச்சுவரின் தூண்கள் எட்டடிக்கு ஒன்று என்பதால் அவையே அளவுகோல் ஆயின. வேன் சுவரைவிட மாடிக்கு நெருக்கமாக ஓடியதால் கோடு பெரிதாகத் தெரியும், அதையும் கழித்தார். மிஞ்சியது 7.2 மீட்டர். கேமராவின் சோதனைத் தாளில் அரை நொடிக்கு நேராக 0.52 என்று இருந்தது. வகுத்தால் மணிக்கு 49.8 கிலோமீட்டர்.

வேதா அன்று அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தவர். வேன் அவரைத் தாண்டித்தான் போனது. அப்படியொன்றும் வேகமாகப் போகவில்லை என்று அவர் சொன்னதாகவும், நீ சொல்வது அபிப்பிராயம், இது அளவு என்று பழனிசாமி பதில் சொன்னதாகவும் பின்னால் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை இதற்காகக் கூடிய சங்கக் கூட்டத்தில் யாரும் வேதாவைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. திங்கள், 9ஆம் தேதி, சங்கத்தின் தாளில் 49.8 என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பள்ளியில் கொடுத்தேன். விசாரணை பண்டிகை விடுமுறை முடிந்து 19ஆம் தேதி என்றார்கள்.

14ஆம் தேதி போகி. வேதா வீட்டை ஒழிக்கும்போது மேசைமேல் கிடந்த அந்தப் பிரதியைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வேனுக்கு நேரே 49.8. அதன் கீழே, டார்ச்சின் கோடு 79 சென்டிமீட்டர் என்றும், வேதா 5.5 என்றும் பென்சிலில் இருந்தது. அது என்ன ஐந்தரை என்று கணவரைக் கேட்டார். மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர், உன் நடை என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“ஏனுங்க, இந்த மொழங்கால வெச்சுக்கிட்டா?” என்றார் வேதா. “அத்தன வேகமா நடக்கறவளா இருந்தா தார்நாகா டாக்டர்கிட்ட மாசாமாசம் என்னத்துக்குப் போறனுங்க?”

வேதாவுக்கு வலது முழங்கால் 2019 முதல் சரியில்லை. பழனிசாமிக்கு அது தெரியாததல்ல. எண்ணை அவரே எழுதியிருந்தார், ஆனால் எழுதியதை வாசிக்கவில்லை. உடனே வாசலில் பத்து மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போட்டு, வேதாவைக் கையில் டார்ச்சோடு நடக்கச் சொன்னார். மூன்று முறை நடந்தார். ஸ்டாப்வாட்ச்சில் சராசரி 10.2 நொடி. அப்படியானால் வேதாவின் வேகம் மணிக்கு மூன்றரை. அந்த வேகத்தில் 79 சென்டிமீட்டர் போக அரை நொடி போதாது, முக்கால் நொடிக்கும் மேலாகும். படத்தில் வேதாவுக்கு ஒரு ஷட்டர், வேனுக்கு ஒரு ஷட்டர் என்று இருக்கமுடியாது.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. ஜனவரி 6, காலை ஆறு மணி வெப்பநிலை என்ன என்று கேட்டார். நான் பால்கனியில் ஒரு வெப்பமானி வைத்துத் தினமும் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் குறித்துவருகிறேன். நோட்டைப் பார்த்து 11.8 என்றேன். தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய சோதனைத் தாள். ஆண்டுக்கு ஒருமுறை, மே முதல் ஞாயிறு, வீட்டுக்குள் செய்த சோதனை. ஐந்து கட்டங்கள்தான் இருந்தன. அறை வெப்பநிலைக்குக் கட்டமே இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக இருபத்தைந்து என்றே எழுதிய கட்டம், வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டாராம்.

விஷயம் இதுதான். அந்தக் கேமராவில் அரை நொடி, ஒரு நொடி போன்ற நீண்ட நேரங்களைச் சிறு பற்சக்கரங்கள் எண்ணி விடுகின்றன. அவற்றில் போட்ட பழைய கிரீஸ் மே மாதத்தில் இளகியிருக்கும். ஜனவரி விடியலில், மாடியில் அரை மணி நேரம் நின்ற கேமராவுக்குள் அது இறுகிவிடும். சக்கரம் மெதுவாகச் சுற்றும், ஷட்டர் தாமதமாக மூடும். கோடு நீளும்.

சந்தேகம் போதாது, அளக்கவேண்டும் என்றார். அதே குளிர் வேண்டும். 15ஆம் தேதி பொங்கலன்று காலையில் என் வெப்பமானி 15 காட்டியது, விட்டுவிட்டார். மறுநாளும் 14க்குக் கீழே இறங்கவில்லை. 17ஆம் தேதி 12.4. இருட்டோடு எழுந்து கேமராவை மாடியில் குளிரவைத்தார். சுவிட்ச் போர்டில் சிவப்பாக எரியுமே, அந்தச் சின்ன இன்டிகேட்டர் விளக்கு, அதை நீண்ட வயரின் முனையில் கட்டி எரியவிட்டார். நம் வீட்டுக் கரண்டில் அந்த விளக்கு நொடிக்கு நூறு தடவை அணைந்து எரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. இருட்டில் அதை வட்டமாகச் சுற்றிக்கொண்டே படம் எடுத்தால், ஃபிலிமில் புள்ளி புள்ளியாக விழும். ஒரு புள்ளிக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு. புள்ளிகளை எண்ணினால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று தெரிந்துவிடும். மே மாதச் சோதனையில் வந்தவை 52 புள்ளிகள்.

விளக்கைச் சுற்ற ஆள் வேண்டும். வேதா சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று, ஆரத்தி எடுப்பதுபோல் சுற்றினார். நான் வெப்பமானியோடு நின்றேன். மூன்று படங்கள். மதியத்துக்குள் ஃபிலிமைக் கழுவிப் பெரிதாக்கிப் புள்ளிகளை அவர் எண்ணினார், தனியாக நானும் எண்ணினேன். 79, 81, 83. சராசரி 81.

அரை நொடி என்று நம்பியது 0.81 நொடி. 7.2 மீட்டரை அதனால் வகுத்தால் மணிக்கு 32 கிலோமீட்டர்.

அன்று சாயங்காலமே சங்கத்தின் கமிட்டியைக் கூட்டினேன். பத்ரி கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தார். பழனிசாமி இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். பத்ரிக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. எலும்பு முறிந்தது அவருக்குத்தான். அன்றைக்குக் கொடுத்த பேப்பர் உண்மையா, இன்றைக்குக் கொடுப்பது உண்மையா என்று கேட்டார். டிரைவரின் அம்மா வந்து அழுதாரா என்றும் கேட்டார்.

“ரெண்டும் நான் அளந்ததுதானுங்க, பத்ரி சார்,” என்றார் பழனிசாமி. “மொதல்ல அளந்தது தப்பு.”

புதிய கடிதத்தை நான் எழுதத் தொடங்கினேன். சங்கத்தின் பெயரும் அவர் பெயரும் கெடாமல், ‘மறு ஆய்வில் தெரியவந்துள்ளபடி’ என்று ஆரம்பித்தேன். வேகத்தை ‘சுமார் 30’ என்று போடலாம், இரண்டு கிலோமீட்டருக்காக அந்தப் பையன் மாட்டிக்கொள்ளவேண்டாம் என்றும் சொன்னேன். பழனிசாமி பேனாவின் குறுக்கே கையை வைத்தார்.

“நக்கோ சார். தப்புன்னே எழுதுங்க, என் தப்புன்னு எழுதுங்க. முப்பத்திரண்டுன்னா முப்பத்திரண்டுன்னே எழுதுங்க. இதுல ரெண்ட நான் கொறச்சா, அதுல பதினெட்ட நான் கூட்டினேன்னு யாரும் சொல்லலாம்.”

அப்படியே எழுதினேன். பத்ரி கையெழுத்துப் போடவில்லை. மற்ற நால்வரும் போட்டார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் பழனிசாமி கொடுத்த அளவு எதுவும் தவறென்று திரும்பி வந்ததில்லை. இதை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சொன்னதில்லை.

18ஆம் தேதி காலை நாங்கள் இருவரும் போலாரத்துக்குப் போனோம். பள்ளிக்குப் போவதற்கு முன் பாபுவிடம் சொல்லவேண்டும் என்று அவர் விரும்பினார். ஒற்றை அறை வீடு. தாயம்மாள் நாற்காலி போட்டார். பழனிசாமி கிரீஸ், குளிர், புள்ளிகள் எல்லாவற்றையும் விளக்கினார். ஒன்றையும் விடவில்லை. தாயம்மாள் கடைசிவரை கேட்டார்.

“எம் புள்ள பன்னெண்டு நாளா வண்டி தொடாம வூட்ல குந்திகினு கீறான்,” என்றார். “உங்க டப்பாக்குக் குளிரடிச்சதுன்னு சொல்றீங்க. ஹவ், ஆமா, அடிச்சிருக்கும். அதுக்கு ஒரு கம்பளி போத்தக் கூடாதா?”

பழனிசாமி சிரிக்கவில்லை. போர்த்தியிருக்கலாம் என்றார்.

பாபு கடிதத்தை வாங்கி, ஆங்கிலத்தில் இருந்ததை மெதுவாக வாசித்தார். முப்பத்திரண்டு என்ற இடத்தில் விரல் நின்றது. அந்த இரண்டை விடமாட்டீர்களா என்று கேட்டார். முடியாது என்றார் பழனிசாமி. பாபு கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“சார், நான் உங்க வீட்டுக்குக் கீழ ஆறு வருஷமா டெய்லி போறேன். லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி மேலேருந்து ஒரு குரல் குடுத்திருக்கலாம். ‘பாபு, எவ்ளோ ஸ்பீடு போன?’ன்னு. ஏன் கேக்கல, கைக்கு?”

பழனிசாமி கடிதத்தைப் பைக்குள் வைத்தார். டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம்.

19ஆம் தேதி விசாரணைக்குப் பழனிசாமி கேமராவை ஒரு பையிலும், படங்களையும் சோதனைத் தாள்களையும் மற்றொரு பையிலும் எடுத்துப்போனார். முதல்வர் அம்மாள் பௌதிகம் படித்தவர், புள்ளிகளைத் தாமும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். முதல் கடிதத்தைச் சங்கம் திரும்பப் பெறுவதாக நான் எழுதிக் கொடுத்தேன். பத்ரி வரவில்லை, ஆனால் தான் கார்களுக்கு நடுவிலிருந்து இறங்கியது உண்மை என்று தொலைபேசியில் கேட்டவர்களிடம் சொல்லியிருந்தார். முடிவு இதுதான்: வரம்புக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்காக எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கை, 23ஆம் தேதி முதல் பாபு மீண்டும் வண்டி ஓட்டலாம்.

பழனிசாமி சோதனைத் தாளில் ஆறாவது கட்டத்தைச் சேர்த்தார். மற்றொரு வேலையும் செய்தார். 1996 முதல் உள்ள படங்களில் குளிர்கால மாதங்களில் அரை நொடியில் எடுத்தவை 371. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சில் எண்களின் மேல் சிவப்பு மையில் ‘நேரம் ஐயத்துக்குரியது’ என்று எழுதினார். இருபது நாட்கள் பிடித்தது. எதையும் அழிக்கவில்லை. வேதாவுக்கு இதில் ஒரு குறை. முழங்கால் கெடுவதற்கு முன்னால் தாம் உண்மையிலேயே வேகமாக நடந்த காலத்துக்கும் சந்தேகம் விழுந்துவிட்டதே என்றார்.

ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. படம் எண் 1,342. வெப்பநிலை 16.2, அவரே மாடியில் குறித்தது. அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். ரோட்டின் நடுவில் பள்ளி வேன் நிற்கிறது. ஷட்டர் திறந்திருந்த நேரம் முழுதும் அசையாமல் நின்றிருக்கிறது. குளிர்காலப் படங்களில் அந்தத் தெருவில் ரோட்டில் போகும் ஒரு வண்டியின் எண்ணைப் படிக்கமுடிவது இதுதான் முதல் தடவை. ஓட்டுநர் இருக்கையில் பாபுவின் முகமும் தெரிகிறது. மாடியைப் பார்க்கவில்லை, நேரே பார்த்துக்கொண்டிருக்கிறார். வேனுக்கு முன்னால், பால் பூத் பக்கமாக, டார்ச் வெளிச்சம் ஒரு சிறு கோடு.

திருப்பிப் பார்த்தேன். டார்ச்சுக்கு நேரே நீளம் மட்டும் இருந்தது, 68 சென்டிமீட்டர். வேகம் எழுதும் இடம் காலி. வேனுக்கு நேரே, ‘நின்றது, வேதா கடக்க’ என்று எழுதியிருந்தார்.